பள்ளம் நிரம்பிய பிறகு: டொயோட்டா 86 காரில் ஹெட்டரும் ரீமேப்பும்

மலேசியாவின் காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். இடது தடத்தில் சுமையேற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் பின்னால் மூன்றாவது கியரில் மணிக்கு 70 கி.மீ.யில் வருவேன். வலது தடம் காலியாவதைக் கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டு ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துவேன். எஞ்சினின் சத்தம் உடனே மாறும், வேகம் மாறாது. டாக்கோமீட்டர் முள் 3,700 ஆர்.பி.எம்.மிலிருந்து (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மெல்ல நகரும். 4,500-ஐக் கடந்த பிறகுதான், வாய்க்காலின் அடைப்பை யாரோ எடுத்துவிட்டது போல வண்டி பாயும். அதற்குள் வலது தடத்தில் பின்னால் வந்த காடி நெருங்கிவிட்டிருக்கும்.

நான்கு வருடம் இந்தத் தயக்கத்தோடு ஓட்டினேன். என்னுடையது 2014-இல் பதிவான, ஆறு கியர் மேனுவல் டொயோட்டா 86. இரண்டாவது கையாக வாங்கியது. இந்தக் கார் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 1,240 கிலோ எடை. நான்கு சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின். அது தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் வளைவுகளில் மூக்கு தயங்காமல் திரும்பும். பின்சக்கர இயக்கம், பிடிமானத்தைப் பொறுத்து இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் டோர்சன் டிஃபரன்ஷியல். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், அதிகப் பிடிமானம் உள்ள அகலமான டயர் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று வடிவமைத்த வண்டி இது. அந்தப் பிடிவாதம் சரி என்பதை ஒவ்வொரு வளைவும் எனக்குச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் நடு வேகத்தில் வரும் அந்த ஓட்டை அதிகமாக உறுத்தியது.

இந்த ஆய்வு அந்த ஓட்டையைப் பற்றியது. அதை அடைக்க ஹெட்டரையும் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்த் தொகுப்பு) மாற்றி, ரீமேப்பும் (எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றி எழுதுவது) செய்தோம். அதில் என்ன செய்தோம், ஓட்டும்போது என்ன மாறியது, எது மாறவில்லை, எது கெட்டது என்பதை முடிந்தவரை பிரித்துப் பிரித்து எழுதுகிறேன். டியூனிங் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது உச்சத்தில் எத்தனை குதிரைத்திறன் கூடியது என்பதைத்தான். இந்தக் காரைப் பொறுத்தவரை அது தவறான கேள்வி என்பது என் முடிவு. ஏன் என்பதைக் கணக்கோடு காட்ட முடியும்.

பள்ளம் எங்கே இருக்கிறது

எஞ்சின் எஃப்.ஏ.20. கொள்ளளவு 1,998 சி.சி. சிலிண்டரின் விட்டமும் 86 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மி.மீ. அழுத்த விகிதம் 12.5-க்கு 1. தயாரிப்பாளர் சொல்லும் சக்தி 7,000 ஆர்.பி.எம்.மில் 200 குதிரைத்திறன். டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, 205 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,400-க்கும் 6,600-க்கும் இடையில். இந்த எண்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. 3,000-ஐ ஒட்டி ஓரளவு நன்றாக ஏறியிருக்கும் டார்க், ஏறக்குறைய 3,500-லிருந்து 4,500 வரை கீழே இறங்கி, பிறகுதான் மறுபடி ஏறுகிறது. டைனோ (எஞ்சினின் சக்தியை அளக்கும் இயந்திரம்) தரும் வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு குளம் வெட்டியது போல இருக்கும். 86 ஓட்டும் எல்லோருக்கும் இந்தப் பள்ளம் தெரியும்.

இதை வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். 4.1 இறுதி விகிதம், 215/45 ஆர்17 டயர், தொழிற்சாலை கியர் விகிதங்கள் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டால், இரண்டாவது கியரில் பள்ளம் மணிக்கு 46 முதல் 59 கி.மீ. வரை. மூன்றாவதில் 65 முதல் 84 வரை. நான்காவதில் 83 முதல் 107 வரை. நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது ஐந்தாவது கியருக்கு இறக்கினால் எஞ்சின் 3,800-இல் நிற்கும், அதுவும் பள்ளத்துக்குள்தான். நகரத்தில், கிராமத்துச் சாலையில், மலையேற்றத்தில், முந்திச் செல்லும்போது என்று மனிதர்கள் உண்மையில் கார் ஓட்டும் வேகங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எஞ்சின் வேகத்தின் உச்ச வரம்பான ரெட்லைன் 7,400 வரை இழுத்து இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் முள் 5,200-க்குத்தான் இறங்கும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றினால் 5,800. பந்தயம் போல ஓட்டுபவர் கிளம்பிய பிறகு பள்ளத்துக்குள் ஏறக்குறைய விழவே மாட்டார். ஆகவே நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. எட்டும் 0-100 நேரத்தை அளந்தால் இந்தக் குறை தெரியாது. குறையை நீக்கிய பிறகு அளந்தாலும் முன்னேற்றம் அவ்வளவாகத் தெரியாது. அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் 7.6 வினாடி என்ற எண்ணே ஒரு விபத்துதான்: இரண்டாவது கியர் 97 கி.மீ.யோடு முடிந்துவிடுகிறது, மீதி 3 கி.மீ.க்காக இன்னொரு முறை கியர் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் உயர் அழுத்த அலை ஒன்று குழாய் வழியாக ஓடுகிறது. குழாய்கள் ஒன்று சேரும் இடத்தில் அது எதிரொலித்து, எதிர் அலையாக, அதாவது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும் அல்லவா? உறிஞ்சும் அலை அந்த நேரத்தில் திரும்பி வந்தால் எரிந்த வாயுவை வெளியே இழுத்துப் புதுக் காற்றையும் உள்ளே அழைத்து வரும். அதே நேரத்தில் தள்ளும் அலை வந்தால் எரிந்த வாயு சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும், புதுக் காற்றுக்கு இடமிருக்காது. அலை போய்வர ஆகும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. எஞ்சினின் நேரமோ வேகத்தோடு சுருங்குகிறது: 4,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு 15 மில்லி வினாடி, 7,000-இல் 8.6 மில்லி வினாடி. ஒரே நீளம் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. தொழிற்சாலை ஹெட்டரின் வடிவம் 4,000-ஐச் சுற்றித் தவறான நேரத்தில் தவறான அலையை அனுப்புகிறது. ஹெட்டரை மாற்றினால் பள்ளத்தின் ஆழமும் இடமும் மாறுவதே இதற்குச் சான்று. காற்று உள்ளே வரும் வழியின் அதிர்வுக்கும் இதில் பங்கு உண்டு.

இது பொறியாளர்களுக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று நான் நினைக்கவில்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எஞ்சினுக்கு மிக அருகில், ஹெட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் அது சீக்கிரம் சூடேறினால்தான் புகை சுத்தமாகும். அதற்காகக் குழாய்களைக் குறுக்க வேண்டியிருந்திருக்கும். 2021-இல் வந்த அடுத்த தலைமுறைக்கு 2,387 சி.சி. எஞ்சின் கொடுத்து, 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்.பி.எம்.முக்கே கொண்டுவந்தார்கள். உச்ச டார்க்கைப் பழைய பள்ளத்தின் நடுவிலேயே கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தால், எந்தக் குறையை மனதில் வைத்து வேலை செய்தார்கள் என்பது விளங்கும்.

மூன்று கட்டமாகச் செய்ததன் காரணம்

பட்டறைக்குப் போனதும் அதை நடத்தும் அண்ணன் கேட்டது, "மேல எவ்வளவு வேணும் தம்பி?"

"மேல எதுவும் வேணாம்ண்ணே. நடுவுல இருக்கிற பள்ளம் போகணும். அப்புறம், பெடல் மேப்பைத் தொடாதீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெடலைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக்கினா வீட்டுக்குப் போறதுக்குள்ள வித்தியாசம் தெரியும். கேக்கிறவங்க எல்லாருக்கும் அது பிடிக்கும்."

"அதனாலதான் வேணாங்கிறேன்."

இதை விளக்க வேண்டும். இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்கும் நடுவே கம்பி கிடையாது, கணினிதான் இருக்கிறது. பெடலைக் கால்வாசி மிதித்தால் த்ராட்டிலைப் பாதி திற என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், எஞ்சினில் ஒரு பொட்டுச் சக்தி கூடாமலே வண்டி துள்ளும். ஓட்டுபவர் சக்தி கூடியதாக நம்புவார். ரீமேப் செய்துகொண்ட பலர் வியந்து சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மயிரிழை அளவில் கூட்டிக் குறைக்க வேண்டிய பின்சக்கர வண்டியில் இது நன்மையும் அல்ல. என் பெடல் மேப் தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்கிறது. கீழே நான் சொல்லும் மாற்றம் எதுவும் அந்த வழியில் வந்ததல்ல.

முதலில் எதையும் மாற்றாமல் டைனோவில் ஏற்றினோம். கூடவே எரிபொருள் திருத்தங்கள், நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) திருத்தம், பற்றவைப்பு நேரத்துக்கான பெருக்கி எண் எல்லாவற்றையும் பதிவு செய்தோம். இந்த எஞ்சினின் கணினி எரிபொருளின் தரத்தைத் தானே கற்றுக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பெருக்கி எண் 1-இல் நிற்கும். நாக்கிங் தொடர்ந்தால் குறையும். என் வண்டியில் 1 இருந்தது. நோயுள்ள எஞ்சினுக்கு ரீமேப் செய்வது காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போன்றது. இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கும் பட்டறைக்கு யாரும் போகக் கூடாது.

இரண்டாவது கட்டத்தில் மென்பொருள் மட்டும். எக்யூடெக் என்ற டியூனிங் மென்பொருள் வழியாகப் பற்றவைப்பு நேரம், பெடலை முழுதும் அழுத்தும்போது எரிபொருள் விகிதம், இரு பக்க வால்வுகளும் திறக்கும் நேரம் ஆகியவற்றை அண்ணன் மாற்றினார். இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள் உண்டு. ஒன்று நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும், மற்றது காற்று வரும் வழியில் தெளிக்கும். இரண்டுக்குமான பங்கீட்டை அவர் தொடவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். வண்டி கூர்மையானது, 5,000-க்கு மேல் இன்னும் ஆவலாக ஏறியது. பள்ளம் கொஞ்சம் மேடானதே தவிர இருந்த இடத்தில் இருந்தது. லாரியை முந்தும்போது அதே காத்திருப்பு, சற்றே குறுகியதாக.

மூன்றாவது கட்டம்தான் ஹெட்டர். நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் வகை. குழாய்கள் சம நீளம், செராமிக் பூச்சு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத ஹெட்டருக்குப் பலன் கொஞ்சம் அதிகம், விலையும் குறைவு. நான் கன்வெர்ட்டர் உள்ளதையே வாங்கினேன், பின்னால் இருக்கும் இரண்டாவது கன்வெர்ட்டரையும் அப்படியே விட்டேன். அதைக் கழற்றிவிட்டு, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி மென்பொருளில் வாயை அடைத்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது தவறு. என் வண்டியின் புகையைப் பின்னால் மோட்டாரில் வருபவர் சுவாசிக்கிறார். அந்த விளக்கு, நாளைக்கு உண்மையாகவே ஒரு கோளாறு வந்தால் எனக்குச் சொல்ல வேண்டிய விளக்கு.

ஹெட்டர் பொருத்த ஒரு காலைப்பொழுது ஆனது. அடித்தகட்டைக் கழற்றி, பழைய போல்ட்டுகளோடு போராடி, ஆக்சிஜன் சென்சார்களை மாற்றிப் பொருத்தி, மறுபடி டைனோவில் ஏற்றிப் புது ஹெட்டருக்கு ஏற்றபடி மேப்பை எழுத மீதிப் பொழுது போனது. டைனோ எண்களை இங்கே எழுதப் போவதில்லை. அவை இயந்திரத்துக்கு இயந்திரம், வெயிலுக்கு வெயில் மாறும். ஒரே இயந்திரத்தில் எடுத்த மூன்று கோடுகளின் வடிவத்தைத்தான் நான் நம்புகிறேன். முதல் கோட்டில் குளம். இரண்டாவதில் ஆழம் குறைந்த குளம். மூன்றாவதில் 3,000-லிருந்து 6,500 வரை ஏறக்குறைய ஒரே வரப்பு. 4,000-இல் முதல் கோட்டுக்கும் மூன்றாவதுக்கும் இருந்த இடைவெளி, 7,000-இல் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சாலையில்

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த வழியில் நான் எதிர்பார்த்த பரபரப்பு வரவில்லை. வண்டி முன்பைவிட அமைதியாகிவிட்டது போலத் தோன்றியது. சம நீள ஹெட்டரில் பாக்ஸரின் கரகரப்பு குறைந்து, சத்தம் வழவழப்பாகிவிட்டிருந்தது. அதோடு, முன்பு 4,500-இல் கிடைத்த அந்த உதை இப்போது இல்லை. உதைக்குக் காரணம் அதற்கு முன்பிருந்த பள்ளம். பள்ளம் போனதும் உதையும் போய்விட்டது. ஒரு நொடி வருத்தப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் அதிகாலை காராக் ஏற்றத்துக்குப் போனேன். அதே மூன்றாவது கியர், அதே 70. மிதித்ததும் வண்டி கிளம்பியது. இருக்கை முதுகில் அழுந்தியது உடனே தெரிந்தது. லாரியின் பின்சக்கரம் ஜன்னலுக்கு வந்தது, நடுச்சக்கரம் வந்தது, முகப்பு வந்தது, இடது தடத்துக்குத் திரும்பிவிட்டேன். முள் 4,600-இல்தான் இருந்தது. முன்பு இந்த வேலைக்கு இரண்டாவது கியருக்கு இறக்கி எஞ்சினைக் கத்தவிட்டிருப்பேன்.

என் முதுகை மட்டும் நம்பாமல் அளந்தும் பார்த்தேன். நான்காவது கியரில் மணிக்கு 80-லிருந்து 110 வரை முழு த்ராட்டில். அது பள்ளத்தை முழுவதும் கடக்கும் தூரம், சட்ட வரம்புக்கும் உட்பட்டது. ஆளில்லாத நேரத்தில் ஒரே சமதளத் துண்டில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தேன். முன்பு ஆறு வினாடியை ஒட்டி இருந்தது, இப்போது ஐந்தை ஒட்டி வந்தது. ஒரு வினாடி என்பது எழுத்தில் சின்னது. எதிர்த்தடத்தைப் பயன்படுத்தி முந்த வேண்டிய இரு வழிச் சாலையில், மணிக்கு 100 கி.மீ.யில், அது 28 மீட்டர்.

உண்மையான மாற்றம் தெரிந்தது கெந்திங்கிலிருந்து பத்தாங் காலிக்கு இறங்கும் சாலையில், திரும்ப ஏறி வரும்போது. குறுகிய, செங்குத்தான, மடிப்பு மடிப்பாக வளையும் சாலை அது. காலையில் மூடுபனி கவிந்து தார் ஈரமாக இருக்கும். முன்பெல்லாம் இந்த ஏற்றத்தில் என் மனம் பாதி கியரிலேயே இருக்கும். அடுத்த வளைவுக்கு இரண்டா மூன்றா? இரண்டு என்றால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும் பயம். மூன்று என்றால் வளைவிலிருந்து வெளிவரும்போது எஞ்சின் செத்துக்கிடக்கும். இப்போது மூன்றிலேயே வைத்துக்கொண்டு 50-க்கும் 80-க்கும் இடையில் எல்லாவற்றையும் வலது கால் ஒன்றாலேயே செய்ய முடிகிறது. காலை ஒரு அங்குலம் கூட்டினால் ஒரு அங்குலத்துக்கு உரியது கிடைக்கிறது. கியருக்குப் போய்க்கொண்டிருந்த கவனம் ஸ்டீயரிங்குக்கு வந்தது. முன்டயர்கள் ஈரத்தில் எங்கே பிடிக்கின்றன, எங்கே நழுவப் பார்க்கின்றன என்பதைக் கைகளில் உணர நேரம் கிடைத்தது. இந்த வண்டியின் உயிரே அந்த முன்பக்க உணர்வுதான். அதை நான் முழுதாகக் கேட்டது எஞ்சின் சரியான பிறகுதான்.

என் மனைவிக்குக் கார்களில் ஆர்வம் கிடையாது. பெந்தோங்குக்கு டுரியான் வாங்கப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், திரும்பும் வழியில் கேட்டார்: "இப்பல்லாம் முந்தறப்போ தலை ஆடலையே, என்ன பண்ணீங்க?" அவசரமாகக் கியரை இறக்கும்போது வரும் குலுக்கலைத்தான் சொன்னார். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் வண்டியில் என்ன மாற்றியிருக்கிறேன் என்று அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

செப்பாங்கில்

1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் தடத்தின் நீளம் 5.543 கி.மீ., 15 வளைவுகள். பொதுமக்கள் ஓட்டக்கூடிய ஒரு நாளில் போனேன். என் கணக்கு சரியாக இருந்தால் இங்கே பலன் மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் வேகமான, நீளமான வளைவுகள். அங்கே எஞ்சின் எப்போதும் 5,000-க்கு மேல்தான். நேர்ப்பாதைகளின் முடிவில் வேகமானியில் கண்ட வித்தியாசம், டயர் சூட்டாலும் வெயிலாலும் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் போன டர்போ வண்டிகள் முன்பு போலவே நேர்ப்பாதையில் என்னை விட்டுப் போயின. இந்த மேம்படுத்தலை நேர்ப்பாதை வேகத்துக்காகச் செய்துகொள்ள நினைப்பவர் பணத்தைச் சேமித்து வைக்கலாம்.

மூன்று இடங்கள் விதிவிலக்கு: இரண்டாவது வளைவு, ஒன்பதாவது கொண்டை ஊசி, கடைசியான பதினைந்தாவது. ஒன்பதாவதில் என் வேகம் 65-லிருந்து 70 வரை இறங்கும். மூன்றாவது கியரில் அது 3,500-லிருந்து 3,750, அதாவது பள்ளத்தின் விளிம்பு. முன்பு அங்கே இரண்டாவதுக்கு இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் உள்பக்கச் சக்கரம் உதறும், வெளியே வந்து மேட்டில் ஏறத் தொடங்கும்போதே மறுபடி கியர் மாற்ற வேண்டும். இப்போது மூன்றிலேயே நுழைந்து, மூன்றிலேயே வழவழவென்று ஏறி வர முடிகிறது. பதினைந்தாவதிலும் அப்படித்தான். 75 கி.மீ.யில் 4,000-ஐ ஒட்டி எஞ்சின் நிற்க, ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரமே திறந்து பிரதான நேர்ப்பாதைக்குள் வண்டியை நீட்டிவிடலாம். சுற்று நேரத்தில் இது எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஒரே நாளில் என் சுற்றுக்குச் சுற்று வரும் வேறுபாடே அதைவிடப் பெரியது. களைப்பு குறைந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

செப்பாங் வேறொன்றையும் காட்டியது. நான்காவது சுற்றிலேயே எண்ணெய்ச் சூடு 120 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினில் தடத்து ஓட்டத்துக்கு எண்ணெய்ச் சூடு எப்போதுமே கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ஹெட்டரும் ரீமேப்பும் அதைக் குறைக்க எதுவும் செய்யாது, கூட்டத்தான் செய்யும். நான் ஒரு சுற்றை மெதுவாக ஓட்டிக் குளிர்வித்து, பிட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிரேக் பேடுகளும் அதே நேரத்தில் வாடை வீசத் தொடங்கியிருந்தன.

எரிபொருளும் மற்ற குறைகளும்

ஒரு மாலை பெந்தோங்கில் ரோன் 97 (ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல்) தீர்ந்துவிட்டது என்றார்கள். அவசரத்துக்கு ரோன் 95 ஊற்றினேன். திரும்பும் ஏற்றத்தில் வண்டி மந்தமாக இருந்தது, ஏதோ போர்வையைப் போர்த்தியது போல. வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தால் கணினி நாக்கிங்கைக் கேட்டு, பற்றவைப்பு நேரத்தைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. பெருக்கி எண் 1-லிருந்து இறங்கியிருந்தது. எஞ்சினுக்குச் சேதமில்லை, பாதுகாப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் 12.5 அழுத்த விகிதத்தில், 33 டிகிரி வெயிலில், ரோன் 97-க்கென்று எழுதிய மேப்பில் 95 ஊற்றுவது தவறு, அதைச் செய்தது நான். இப்போது பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பிவிடுகிறேன். மாதச் செலவில் இது தெரியும். டியூனிங் கட்டணம் ஒருமுறை, ரோன் 97-இன் விலை ஒவ்வொரு வாரமும்.

அமெரிக்காவில் இதே ஹெட்டருக்குச் சொல்லப்படும் பெரிய எண்களைப் படித்துவிட்டு இங்கே எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல ஈ-85 எத்தனால் எரிபொருளில் எடுத்தவை. நம் நிலையங்களில் அது கிடைக்காது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், சிலிண்டரைக் குளிர்விக்கும், அதனால் அவர்களால் பற்றவைப்பை இன்னும் முன்னுக்குத் தள்ள முடிகிறது. நம் பெட்ரோலில் நடுப்பள்ளம் நிரம்பும், மேல் முனையில் அந்த அளவு வராது.

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முதல் ஒரு நிமிடம் சத்தம் முன்பைவிட அதிகம். அண்டை வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதால், விடியலுக்கு முன் கிளம்ப வேண்டிய நாட்களில் வண்டியை முந்தின இரவே முனையில் நிறுத்திவிடுகிறேன். புகை வாடையும் அந்த ஒரு நிமிடம் சற்றுத் தூக்கலாக இருக்கிறது: கன்வெர்ட்டர் எஞ்சினிலிருந்து சற்றுத் தள்ளிப் போய்விட்டதால் சூடேற நேரமாகிறது. தொழிற்சாலைப் பொறியாளர்கள் எதைக் காப்பாற்றப் பள்ளத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒவ்வொரு காலையும் மூக்குக்குத் தெரிகிறது. எரிபொருள் செலவில் நெடுஞ்சாலையில் மாற்றமில்லை. ஆறாவது கியரில் 110-க்கு எஞ்சின் 2,900-இல்தான் ஓடுகிறது, அங்கே எதுவும் மாறவில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவிட்டேன். உத்தரவாதம் முன்பே முடிந்த வண்டி என்பதால் அந்தக் கவலை எனக்கு இல்லை. புது வண்டி வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

86 வைத்திருக்கும் நண்பர்கள் எதை முதலில் செய்யலாம் என்று கேட்கும்போது என் வரிசை இதுதான்: முதலில் நல்ல டயரும் பிரேக் பேடும், பிறகு ஹெட்டரும் ரீமேப்பும் ஒன்றாக. மென்பொருளை மட்டும் தனியாகச் செய்ய வேண்டாம். என் மூன்று வார அனுபவத்தில் அதற்குக் கொடுத்த பணத்துக்குப் பாதிப் பலன்தான். தொழிற்சாலை ஹெட்டரைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், பழைய மேப்பும் பத்திரமாக இருக்கிறது. வண்டியை என்றாவது விற்றால், வாங்குபவர் விரும்பினால் பழைய நிலையிலேயே கொடுக்கலாம். அடுத்த செப்பாங் நாளுக்கு முன் எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்தியாக வேண்டும். அதுவரை தடத்தில் மூன்று சுற்று, ஒரு சுற்று ஓய்வு.